ஸ்காட்லாந்துக் குன்றின் உச்சியில் நாகப்பட்டினத்து வாசல்

ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வர்னெஸ் நகரைத் தாண்டி அரைமணி நேரம் காரில் போனால் எவன்டன் என்ற கிராமம் வரும். முன்னால் குரோமார்ட்டி கடற்கழி, பின்னால் மலைகள். அங்கிருந்து வடகிழக்கே பார்த்தால் 453 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றின் உச்சியில் கல்லால் கட்டிய பெரிய வளைவு வாசல் ஒன்று தெரியும். கோட்டையும் இல்லை, மதிலும் இல்லை, வாசல் மட்டும் நிற்கிறது. குன்றின் பெயர் ஃபைரிஷ். அந்த வாசல் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் கட்டப்பட்டது என்பது அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நாகப்பட்டினத்தில்தான் இது பலருக்குத் தெரியாது.

இதைக் கட்டியவர் சர் ஹெக்டர் மன்றோ. சென்னைத் தீவுத்திடலில் சேணமில்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு ஆள், அவர் கிளாஸ்கோகாரர். இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் தாமஸ் மன்றோ 1780-இல் பதினெட்டு வயதுப் பயிற்சி வீரனாக சென்னையில் வந்து இறங்கியபோது, அங்கே படைத்தலைவராக இருந்தவர் இந்த ஹெக்டர்தான்.

ஹெக்டரின் கதைக்குப் போவதற்கு முன் ஊரைப் பார்த்துவிடலாம். அந்த வாசல் ஏன் அங்கே நிற்கிறது என்பது ஊரைப் பார்த்தால்தான் விளங்கும்.

எவன்டன் பழைய ஊர் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ஃப்ரேசர் என்ற நிலக்கிழார் திட்டம் போட்டு உருவாக்கியது. பெயரும் அவர் மகன் எவனுடையது. ஸ்கியாக், அல்ட் கிராட் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நேர்கோட்டில் ஒரு பெரிய தெரு, அதிலிருந்து பிரியும் சிறு தெருக்கள், தெருவோரம் வரிசையாக மனைகள். ஸ்காட்லாந்தில் 1730-க்கும் 1850-க்கும் இடையே இப்படி நூற்றுக்கணக்கான ஊர்கள் எழுந்தன. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் கூட்டாகப் பயிர் செய்து, கோடையில் மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் பிழைத்துவந்த குடிகளை நிலக்கிழார்கள் அங்கிருந்து கிளப்பினார்கள். காலியான நிலத்தைப் பெரும் பண்ணைகளாகவோ ஆட்டு மேய்ச்சலுக்கோ குத்தகைக்கு விட்டார்கள். கிளப்பப்பட்டவர்களில் பலர் கப்பலேறினார்கள். கொஞ்சம் பேருக்கு இந்தப் புதிய ஊர்களில் ஒரு மனையும் ஒரு கைத்தொழிலும் கிடைத்தன. எனவே எவன்டனின் நேரான தெருவைப் பார்த்து ‘அழகான திட்டமிடல்’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இந்தப் பகுதியின் நினைவுச் சின்னங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: நிலம் யாருடையது, அங்கே யார் சொல் செல்லும்? எனக்குத் தெரிந்தவரை இதை இவ்வளவு சின்ன வட்டாரத்தில் இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு.

ஊருக்குத் தெற்கே இருக்கும் ஃபௌலிஸ் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மன்றோ குலத் தலைவர்களின் இருப்பிடம் அது. இப்போது நிற்கும் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தீக்குப் பிறகு எழுப்பப்பட்ட மாளிகை. மன்றோக்கள் அந்த நிலத்தை அனுபவிப்பதற்கு அரசருக்குக் கொடுக்க வேண்டிய வாடகை, கேட்டால் நடுக்கோடையிலும் ஒரு பனிக்கட்டி உருண்டை என்பது வழிவழிச் செய்தி. வேடிக்கையாகத் தெரியும். ஆனால் அவர்கள் நிலத்தில் 1,046 மீட்டர் உயரமுள்ள பென் விவிஸ் மலை இருக்கிறது. அதன் வடக்குச் சரிவுப் பள்ளங்களில் கோடையிலும் பனி தங்கியிருக்கும். அரசருக்குப் பனி உருண்டை, குடியானவர்களிடமிருந்து தங்களுக்கு முழு வாடகை என்று ஏற்பாடு நன்றாகவே நடந்தது.

இதே கோட்டைச் சீமாட்டி கேத்ரின் ராஸ் மீது 1590 ஜூலையில் சூனிய வழக்கு நடந்தது. களிமண் பொம்மை செய்து அதன் மேல் கல் அம்பு எய்தார், மூத்தாள் மகனையும் இன்னொரு பெண்ணையும் விஷம் வைத்துக் கொல்லப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் மேல் வழக்குத் தொடுத்த, மூத்தாளின் இன்னொரு மகன் ஹெக்டர் மேலேயே அதே நாளில் இன்னொரு சூனிய வழக்கு. நோயிலிருந்து பிழைக்க வேண்டும் என்று இரவில் குழி தோண்டி அதில் படுத்தார் என்று அதில் சொல்லப்பட்டது. இருவரும் விடுதலை. இதே சூனியத்துக்குக் கூட்டாளிகள் என்று பிடிக்கப்பட்ட சாதாரண மக்களை அதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் முன்பே எரித்துக் கொன்றுவிட்டார்கள். கோட்டைக்கு உள்ளே இருந்தால் ஒரு தீர்ப்பு, வெளியே இருந்தால் இன்னொன்று.

கடற்கழியின் கரையில் கூரையில்லாமல் நிற்கிறது கில்டேர்ன் பழைய தேவாலயம். இடைக்காலத்தில் தோன்றி 1790 வாக்கில் பெரும்பாலும் திருப்பிக் கட்டப்பட்டது. சுவர்கள், வெற்று சன்னல்கள், சுற்றிலும் கல்லறைகள். பார்க்க வேண்டியது வாசலருகே உள்ள ஒரு கல். அதன் கீழ் கிடப்பவர் தாமஸ் ஹாக். 1654-இல் இங்கே போதகராக வந்தார். மன்னர் இரண்டாம் சார்லஸ் திருச்சபைமேல் ஆயர்களைத் திணித்தபோது பணிய மறுத்தார். பதவி போயிற்று. எடின்பரோவுக்குக் கிழக்கே கடலுக்கு நடுவில் இருக்கும் பாஸ் பாறைச் சிறையிலும் அடைபட்டார். அரசு மாறிய பிறகு 1691-இல் தன் சபைக்கே திரும்பி, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இறந்தார். தன்னை வாசற்படியருகே புதைக்கச் சொன்னார். கல்லில் இப்படிப் பொறித்திருக்கிறது: கில்டேர்ன் சபையார் கடவுள் பக்தியில்லாத ஒரு போதகரை இங்கே கொண்டுவந்தால், இந்தக் கல் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

வெளியாளுக்கு இது பக்தி மிகுதியாகத் தோன்றலாம். அதற்குள் ஒரு கூர்மையான அரசியல் இருக்கிறது. போதகரை யார் நியமிப்பது? 1712-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த உரிமையை நிலக்கிழார்களிடம் திருப்பிக் கொடுத்தது. குடியைக் கிளப்பும் கிழாரே, அது கடவுள் சித்தம் என்று பிரசங்கம் செய்யும் போதகரையும் அனுப்பலாம் என்ற நிலைமை. இந்தப் புகைச்சல் 1843-இல் வெடித்து ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாக உடைந்தது. ஈஸ்டர் ராஸ் என்ற இந்த வட்டாரத்தில் மக்கள் திரளாக வெளியேறி சுதந்திரத் திருச்சபையில் சேர்ந்தார்கள். ஹாக்கின் கல் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே கிழாரைத் தவிர்த்து நேரே சபையாரைப் பார்த்துப் பேசிவிட்டது.

ஊருக்குப் பின்புறம் உள்ள கறுப்புப் பாறைப் பிளவைப் பற்றியும் இரண்டு வரி. அல்ட் கிராட் ஆறு கூழாங்கற்கள் இறுகிய மணற்பாறையை அறுத்து, 30 மீட்டருக்கும் மேல் ஆழமான ஒரு வெட்டுக்குள் ஓடுகிறது. பனிக்காலப் பனிப்பாறைகள் உருகிய காலத்து வெள்ளம் தொடங்கி வைத்த வேலை. பிளவு மிகக் குறுகலானது. மேலே பாசியும் பெரணியும் மூடியிருக்க, கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், தண்ணீர் தெரியாது. பக்கத்து பால்கோனி எஸ்டேட்டின் சீமாட்டியை சாத்தான் இதற்குள் கூட்டிப்போய்விட்டான் என்றும், அவள் போகும்போது வீசிய சாவிக்கொத்தின் தடம் ஒரு பாறையில் பதிந்திருக்கிறது என்றும் ஒரு கதை. பல ஆண்டுகள் கழித்து மீன்பிடிக்க வந்த ஒருவர் குகைக்குள் எட்டிப் பார்த்தபோது, இரண்டு நாய்களின் காவலில் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாளாம். இதைப் பதிவு செய்தவர் பக்கத்து குரோமார்ட்டி ஊரில் கல் உடைத்துப் புவியியலாளர் ஆன ஹியூ மில்லர். இங்கேயும் சாவி வைத்திருந்தவள் சீமாட்டிதான்.

சரி, ஹெக்டர் மன்றோ.

1726-இல் பிறந்தவர், மன்றோ குலத்தின் நோவார் கிளை. பெரிய நிலமோ பணமோ இல்லாத கிளையில் பிறந்தவன் அன்றைய ஹைலேண்ட்ஸில், அதாவது ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியில், பட்டாளத்துக்குப் போவான். அதிர்ஷ்டம் இருந்தால் இந்தியாவுக்குப் போவான். 1764-இல் பீகாரில் கம்பெனிப் படைக்குத் தலைவரானபோது, கலகம் செய்த சிப்பாய்களில் 24 பேரை பீரங்கி வாயில் கட்டிச் சுடவைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 23-இல் பக்சார் போரில் வென்றார். வங்காளத்தின் வரி வருவாய் கம்பெனி கைக்குப் போக வழிசெய்த போர் அது. பணத்தோடு ஊர் திரும்பி, 1768 முதல் 1802 வரை இன்வர்னெஸ் பர்ஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். நடுவே சென்னைப் படைத்தலைவராகத் திரும்பி வந்து 1778-இல் புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். அதற்காக சர் பட்டம்.

அடுத்து வந்தது 1780 செப்டம்பர். அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழ்நாட்டுச் சமவெளிக்குள் ஹைதர் அலி பெரும்படையோடு இறங்கிவிட்டார். கர்னல் வில்லியம் பெய்லி குண்டூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருக்க, மன்றோ ஐயாயிரம் பேருக்கு மேற்பட்ட படையோடு காஞ்சிபுரத்தில் காத்திருந்தார். இரண்டும் சேர வேண்டும் என்பது திட்டம். காஞ்சிக்கு வடக்கே சில மைல் தொலைவில், புள்ளலூரில், செப்டம்பர் 10 அன்று ஹைதரும் திப்புவும் பெய்லியின் ஏறக்குறைய 3,800 பேரைச் சூழ்ந்து அழித்தார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் எதிரியைத் துரத்தியதாகச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூர். மன்றோவுக்குப் பீரங்கிச் சத்தம் கேட்டது. போய்ச் சேரவில்லை. சேதி உறுதியானதும் பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாக சென்னைக்குப் பின்வாங்கினார். இந்தியாவில் பிரிட்டிஷ் படை அதுவரை கண்டிராத தோல்வி.

இறந்தவர்களும் பிடிபட்டவர்களும் யார் என்று பார்த்தால் கதை திரும்ப ஸ்காட்லாந்தின் அந்த மூலைக்கே போகிறது. பெய்லி, இன்வர்னெஸுக்குப் பக்கத்து டனேன் ஊர்க்காரர். அவருக்கு உதவியாக மன்றோ அனுப்பிய ஆட்களில் மெக்லியோட் பிரபுவின் ஹைலேண்ட் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பிரிவு மூன்று ஆண்டுகள் முன்பு ராஸ், குரோமார்ட்டி பகுதிகளில் ஆள் சேர்த்துத் திரட்டப்பட்டது. அதாவது ஃபைரிஷ் குன்று கண்ணுக்குத் தெரியும் தூரத்திலிருந்து கிளம்பிய பையன்கள் புள்ளலூர் மண்ணில் கிடந்தார்கள். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் 1782 நவம்பரில் இறந்தார்.

அதற்கு ஓராண்டு முன், 1781 நவம்பரில், மன்றோ நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அப்போது அது டச்சுக்காரர்களிடம் இருந்தது. 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்து, 1690-இல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலத் தலைமையிடத்தையே அங்கு மாற்றியிருந்தார்கள். பிரிட்டனுக்கும் ஹாலந்துக்கும் ஐரோப்பாவில் போர் மூண்டதும் சென்னை ஆளுநர் மெக்கார்ட்னியின் கண் அங்கே போயிற்று. தலைமைத் தளபதி அயர் கூட்டோடு ஒத்துப்போகாமல் ஒதுங்கியிருந்த மன்றோவிடம் தரைப்படையைக் கொடுத்தார். கடலில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ். மூன்று வார முற்றுகைக்குப் பின் கோட்டை பணிந்தது. 1784 உடன்படிக்கையில் நாகப்பட்டினம் நிரந்தரமாக பிரிட்டிஷாருக்குப் போனது. மன்றோ வெற்றியோடு கப்பலேறினார். குன்றின் மேல் வாசல் 1782-இல் எழுந்ததாகப் பதிவு.

ஆக, அந்த வாசல் எதைக் காட்டுகிறது என்பதைவிட எதைக் காட்டவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயர் கெட்டது காஞ்சியில். அதைச் சரிக்கட்டக் கையில் இருந்தது நாகப்பட்டினம். பெய்லியின் உறவினர்களும் மெக்லியோட் படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களும் நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், கோயில் குளத்தில் கிடந்த பீரங்கிகளுக்குப் பதிலாக ஒரு வெற்றி வாசல். நடுவில் கூர்வளைவுகள், இருபக்கமும் தனித்தனியாக நிற்கும் தூண் கோபுரங்கள், கரடுமுரடான உள்ளூர்க் கல். டச்சுக்காரர்கள் கட்டும் கோட்டை வாசலின் சாயல் இதில் எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பியர் அன்று ‘கிழக்கு’ என்றால் எப்படிக் கற்பனை செய்தார்களோ, அந்தச் சாயல்தான் தெரிகிறது. பின்பக்கம் ஒன்றுமே இல்லை, நாடகமேடைத் திரை மாதிரி முகப்பு மட்டும். கீழே சமவெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது போதும்.

ஊர்க்காரர்கள் இதைப் பற்றிச் சொல்லும் கதை வேறு மாதிரி. வேலையில்லாமல் பசியில் வாடிய மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே மன்றோ இதைக் கட்டினாராம். கற்களை மேலே ஏற்றிய பிறகு, சிலவற்றை அவரே இரவில் கீழே உருட்டிவிடுவாராம். மறுநாள் அவற்றை ஏற்றவும் கூலி கொடுக்கலாமே என்று. 1782-83 ஹைலேண்ட்ஸில் விளைச்சல் கெட்டுப் பஞ்சம் வந்த காலம் என்பது உண்மை. கூலி கிடைத்தவன் வீட்டில் அடுப்பெரிந்திருக்கும், அதையும் மறுக்க வேண்டாம். ஆனால் உருட்டிவிட்ட கல் கதையை நம் ஊரில் சொன்னால், திருப்பி ஏற்றினவன் முதுகைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். ஸ்காட்லாந்தில் இதை நல்ல மனசுக்கு அடையாளமாகவே பலகாலம் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அந்த நல்ல மனசுக்குப் பத்து ஆண்டுகளில் ஒரு சோதனை வந்தது. மன்றோ தன் நிலத்தில் ஒரு பகுதியான கில்டர்மோரியை, லோக்கபரிலிருந்து வந்த கேமரூன் சகோதரர்களுக்கு ஆட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு விட்டார். அந்த மேட்டு நிலத்தில் மாடு மேய்த்துப் பழகிய ஸ்ட்ராத்ரஸ்டேல் குடிகள் வழக்கம்போல மாடுகளை விட, கேமரூன்கள் அவற்றைப் பட்டியில் அடைத்தார்கள். குடிகள் திரண்டு போய் மாடுகளை மீட்டார்கள். அது 1792 கோடை. பிரான்சில் புரட்சி, இங்கே கிழார்களுக்குத் தூக்கமில்லை. மீட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. ராஸ், சதர்லாந்து பகுதிகளில் இருக்கும் ஆடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போய்த் தெற்கே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். சில நூறு பேர், ஆயிரக்கணக்கான ஆடுகள், பல நாள் நடை. கேலிக் மொழியில் அந்த ஆண்டை ஆடுகளின் ஆண்டு என்றே சொல்வார்கள். யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை.

இன்வர்னெஸுக்குப் பக்கத்து ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து 42-ஆம் ஹைலேண்ட் படைப்பிரிவு வந்தது. படை வரும் சேதி கேட்டு ஓட்டியவர்கள் கலைந்தார்கள். ஆட்டு மந்தை நின்றுபோன இடம் போத். இன்று ஃபைரிஷ் வாசலைப் பார்க்கக் குன்றேறுகிறவர்கள் வண்டியை நிறுத்துவது போத் போகும் சாலையோரத்தில்தான். பிடிபட்டவர்கள் மேல் இன்வர்னெஸில் வழக்கு நடந்தது. இருவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அவர்கள் சிறையிலிருந்து தப்பிவிட்டார்கள், தேடியும் கிடைக்கவில்லை. ஊரே மறைத்து வைத்தது என்று நினைக்க இடமுண்டு.

அதே ஆண்டு டிசம்பரில் மன்றோவின் மகன் ஒருவர் வங்காளத்தில் சாகர் தீவில் வேட்டைக்குப் போன இடத்தில் புலியடித்து இறந்தார். ஆங்கிலேயனை வாயில் கவ்விய திப்புவின் மரப்புலி, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, அதற்கு இந்தச் சாவுதான் தூண்டுதல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். உறுதியான ஆதாரம் என்று சொல்ல முடியாது, ஆனால் கதை பிரபலம். மன்றோ 1805-இல் நோவார் வீட்டில் இறந்தார்.

இன்று எவன்டனில் பட்டாளமும் இல்லை, பெரிய ஆலையும் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானதளம் இருந்த கடற்கரைப் பக்கம் தொழிற்பேட்டை ஆகிவிட்டது. 1979-இல் குரோமார்ட்டி கடற்கழி மேல் பாலம் வந்து, பெருஞ்சாலை ஊரைச் சுற்றிப் போனதால் தெருவில் இரைச்சல் குறைந்தது. ஃபைரிஷ் உச்சியிலிருந்து பார்த்தால் கடற்கழியில் ஓய்வுக்கும் பழுதுபார்க்கவும் நிறுத்தி வைத்த எண்ணெய்க் கிணற்று மேடைகள் வரிசையாக நிற்கும். மலையேறுகிறவர்கள் வாசலின் வளைவுக்குள் அவை தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்கிறார்கள். நோவார் நிலம் இன்றும் மன்றோ குடும்பத்தின் பெரிய எஸ்டேட்.

எஸ்டேட்கள் எல்லாம் அப்படியே இருக்க, சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2003-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கிராமப்புறத்தில் நிலம் விற்பனைக்கு வந்தால், முன்கூட்டிப் பதிவு செய்துகொண்ட ஊர்ச் சமூகத்துக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு என்கிறது அது. எவன்டன்காரர்கள் ஊரை ஒட்டிய, கறுப்புப் பாறைப் பிளவுக்குப் போகும் வழியில் உள்ள காட்டை 2012-இல் தங்கள் பெயரில் வாங்கிக்கொண்டார்கள். எந்த மரத்தை வெட்டுவது, எங்கே பாதை போடுவது என்பதையெல்லாம் இப்போது ஊர்க்காரர்களே கூடி முடிவு செய்கிறார்கள்.